நாலு பாட்டு நிக்கல்

தொட்டிக்காரருக்கு அந்தப் பத்து நாளாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழச் சொன்னது உடம்பு. எழுந்தால் நடக்கச் சொன்னது. நடந்தால் எங்கே போகிறோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், அவர் தட்டைக் கழுவி வைக்கும் நேரத்தில் மனைவி இரண்டாவது வாய்தான் எடுத்திருப்பாள்.

"ஏங்க, பின்னாடி யாராவது தொரத்துறாங்களா?"

"பசி."

"பசிச்சவன் மாதிரியா இருக்கு? பஸ்ஸ விட்டவன் மாதிரி இருக்கு."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். இருபத்திரண்டு வருஷமாக முலாம் பட்டறையில் நிக்கல் தொட்டியின் முன்னால் நிற்கிற ஆள். பெயர் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்கள் ஒருவர்கூட இப்போது அந்தப் பட்டறையில் இல்லை. தொட்டிக்காரர் என்றால் அவர்தான். அவர் முலாம் போட்டு அனுப்பிய சரக்கு இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது. மூன்றாவது லாட் போயிருக்கிறது. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பட்டறை பெரிது இல்லை. முன்னறையில் பாலிஷ் சக்கரங்கள், நடுவில் கம்பி கட்டும் மேசை, பின்னால் கதவு போட்ட தொட்டி அறை. குளியலறைக் குழாய்களின் பித்தளைத் தலைகள் கறுத்துச் சொரசொரவென்று வரும். பாலிஷ்காரன் சக்கரத்தில் பிடித்து வழவழப்பாக்குவான். அவற்றைச் செம்புக் கம்பியில் கட்டி, ஜிக் என்கிற சட்டத்தில் தொங்கவிட்டுக் கொடுத்தால் மிச்சம் தொட்டிக்காரர் பாடு. எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சுடுகாரத்தில் ஒரு முக்கு, தண்ணீரில் ஒரு முக்கு, அமிலத்தில் ஒரு முக்கு, மறுபடி தண்ணீர், பிறகு பச்சைப் பசேலென்று கிடக்கும் நிக்கல் தொட்டி. அங்கே மின்சாரம் ஓட ஓட நிக்கல் வந்து ஒட்டும். கடைசியில் குரோம். முகம் பார்க்கிற பளபளப்பு குரோமுடையதுதான். ஆனால் குழாய் வருஷக்கணக்கில் கறுக்காமல் இருப்பது அடியில் இருக்கிற நிக்கலால். சீக்கிரம் எடுத்தால் நிக்கல் மெலிசு, ஆறு மாதத்தில் புள்ளி புள்ளியாகக் கிளம்பிவிடும். தாமதமாக எடுத்தால் நிக்கல் தண்டம். எல்லாம் நேரத்தில் இருக்கிறது.

அந்த நேரம்தான் அந்த அறையில் தங்காது. சுவரில் மாட்டிய கடிகாரம் எட்டு மாதத்தில் செத்தது. அடுத்தது ஐந்து மாதம். மூன்றாவது நல்ல கடிகாரம் என்று சொல்லி முதலாளி வாங்கி மாட்டினார். அது போன பிறகு முள் மட்டும் பச்சை பூத்து ஆணியில் தொங்கியது. தொட்டிக்காரரின் கல்யாணக் கைக்கடிகாரம் பின்மூடியில் ஓட்டை விழுந்து மணிக்கட்டில் கறையாக இறங்கியது. கைபேசியை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று உத்தரவு. யாரோ ஒருவருடையது நிக்கல் தொட்டியில் விழுந்து தொட்டியையே கெடுத்ததிலிருந்து அப்படி. அமிலப் புகை இரும்பைத் தின்னும், மணியைத் தின்னும், ஆளைக்கூட மெல்லத் தின்னும். ஆறு வருஷத்துக்கு முன்னால் நடைபாதைக் கடையில் வாங்கிய அந்தப் பாட்டுப்பெட்டியை மட்டும் தின்னவில்லை.

பெட்டி என்று சொல்வதே அதிகம். தீப்பெட்டியை இரண்டாகப் பிளந்த அளவு. நாலு பொத்தான், நகம் அளவுக்கு ஒரு திரை. காதில் மாட்டுகிற வயரில் இடது பக்கம் வாங்கிய மூன்றாம் நாளே ஊமையாகிவிட்டது. பாலிஷ்காரனும் அன்றைக்கே அதே கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கினான். கடைக்காரன் இரண்டிலும் ஒரே பாட்டுகளை ஒரே வரிசையில் ஏற்றிக் கொடுத்தான். நூற்றுச் சொச்சம் பாட்டு. வேறு மாதிரி கேட்டதற்கு, "இந்த விலைக்கு வரிசையும் மாத்தணுமா?" என்று கடைக்காரன் கேட்டான். நியாயம்தான்.

அது ஒரு விசித்திரமான சாமான். அணைத்துத் திரும்பப் போட்டால், நின்ற இடம் அதற்கு நினைவிருக்காது. முதல் பாட்டிலிருந்துதான் தொடங்கும். பாலிஷ்காரன் இதற்காக அதைத் திட்டாத நாள் இல்லை. தொட்டிக்காரரோ அதைக் கேட்டதும் மனசுக்குள் கும்பிடு போட்டார். ஜிக்கை நிக்கலில் இறக்கும்போது பெட்டியைப் போடுவார். முதலில் மழைப் பாட்டு. இரண்டாவது படகுப் பாட்டு. மூன்றாவது கோபித்துக்கொண்டு போன பெண்ணைக் கூப்பிடுகிற பாட்டு. நாலாவது தாலாட்டு. தாலாட்டு முடிந்து ஐந்தாம் பாட்டின் முதல் மேளம் 'டம்' என்று விழுந்ததும் ஜிக் வெளியே. பெட்டியை அணைத்துப் போட்டுக் குரோமில் இறக்குவார். மழைப் பாட்டில் பாடுகிற பெண் மூச்சு வாங்கி நிறுத்துகிற இடம் வரைக்கும் குரோம். அவ்வளவுதான் தொழில். நாலு பாட்டு நிக்கல், ஒரு மூச்சு குரோம்.

ஆறு வருஷத்தில் அவர் கேட்டது நாலே பாட்டு. ஐந்தாவது பாட்டில் ஒரு மேளம்.

இது யாருக்கும் தெரியாது. மனுஷன் வேலை நேரத்தில் பாட்டுக் கேட்கிற ரசிகர் என்று பட்டறையில் நினைத்துக்கொண்டார்கள். "எப்படிப்பா கடியாரமே இல்லாம கரெக்டா எடுக்கற?" என்று முதலாளி ஒரு தடவை கேட்டபோது, "கைக்கணக்கு மொதலாளி" என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. சொன்னபோது நன்றாக இருந்தது. முதலாளி அதை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். பிறகு அதைத் திரும்ப வாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை மூன்றாவது லாட்டும் திரும்பி வந்தது.

முதலாளி சரக்குப் பெட்டிகளைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். "பத்து மைக்ரான் இருக்கணும். ஒம்போதரை இருக்கு. மூணு தடவையும் ஒம்போதரை. தலைமுடியில அஞ்சுல ஒரு பங்குகூட இல்ல அந்தத் தடிமன், அதுலயும் கொறச்சா எப்படி?"

"தொட்டியப் பாக்கணும் மொதலாளி. கரைசல் எறங்கியிருக்கும்."

"பாத்தாச்சு. கெமிஸ்ட் சீட்டு இந்தா. எல்லாம் சரியா இருக்கு. கரண்டும் சரி, நிக்கல் கட்டியும் சரி. சரியில்லாதது ஒண்ணுதான் பாக்கி." சீட்டை மடித்துப் பையில் வைத்தார். "வயசாச்சுன்னா சொல்லிடுப்பா. சீக்கிரம் முடிச்சிட்டுப் போலாம்னு எடுக்கறியா? கம்பி கட்டற மேசையில ஒக்காந்துக்க. ஒண்ணும் கேவலமில்ல."

தொட்டிக்காரருக்கு முகம் சுடுகாரத்தில் முக்கியெடுத்த மாதிரி ஆனது. சீக்கிரம் எடுக்கிறேனா? நான்? நாலு பாட்டும் முழுசாக ஓடிய பிறகுதானே எடுக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

"வியாழக்கெழம அந்தப் பொண்ணு நேர்ல வருது," என்றார் முதலாளி. குழாய்க் கம்பெனியிலிருந்து சரக்கைச் சோதிக்கிற பெண். "பக்கத்துல நின்னு பாக்கப் போவுதாம். நாலாவதும் போச்சுன்னா ஆர்டர் போச்சு. தொட்டிக்கு வேற ஆள் பாக்கறதத் தவிர எனக்கு வழியில்ல."

சாயங்காலம் தொட்டிக்காரர் வழியிலேயே இருந்த மருத்துவரிடம் போய்க் கையை நீட்டினார். "நாடி ஓடுது டாக்டர். எல்லாமே ஓடுது. நிக்க முடியல."

மருத்துவர் பிடித்துப் பார்த்தார், குழாய் வைத்துப் பார்த்தார். "நாடி உங்களவிட நிதானமா இருக்கு. டீயக் கொறைங்க."

டீயைக் குறைத்தார். ஓட்டம் குறையவில்லை. தெருவில் முன்னால் போகிறவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே மெதுவாக நடப்பதுபோல் தெரிந்தது. வீட்டில் மனைவி தையல் இயந்திரத்தில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்று, "இன்னும் முடியலயா, இன்னும் முடியலயா" என்று நாலு தடவை கேட்டார். அவள் மிதியை நிறுத்தினாள்.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும் இந்த வீட்ல ஒருத்தருக்கு மட்டும்தான் முடியப் போவுது. அது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

செவ்வாய்க்கிழமை தொட்டியை வடிகட்டப் போட்டிருந்தார்கள். வேலை இல்லாததால் அவரைக் கம்பி கட்டும் மேசையில் உட்கார வைத்தார் முதலாளி. ஒத்திகை என்று அவருக்குப் புரிந்தது. சும்மா இருக்க முடியாமல் பெட்டியைக் காதில் போட்டுக்கொண்டு கம்பி முறுக்கினார். மழை, படகு, கோபம், தாலாட்டு. 'டம்' என்றதும் இரண்டு கையும் தானாக மேலே எழுந்தன. எடுக்க ஒன்றும் இல்லை. கையைக் கீழே இறக்கி, ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஐந்தாம் பாட்டைக் கேட்டார். மகா மட்டமான பாட்டு. இந்தக் கழுதைக்கா இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று கடுப்பாக வந்தது. அதற்கு மேல் இன்னும் நூறு பாட்டு இருக்கிறது என்பது அதைவிடக் கடுப்பு.

புதன்கிழமை மத்தியானம், பின்பக்கம் தண்ணீர்ப் பீப்பாய்களுக்கு நடுவே சாப்பாடு. எதிரே பாலிஷ்காரன். அவனுக்கு முகம் முழுக்கக் கறுப்பு மாவு, கண் மட்டும் வெள்ளை. எப்போதும் வாய் மூடாத ஆள். அன்றைக்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே தூங்கி வழிந்தான்.

"என்னடா, ராத்திரி எங்க போன?"

"எங்கயும் போகலண்ணே. பத்து நாளா ஒடம்பே எந்திரிக்கல. தெனம் முந்நூறு பீஸ் அடிக்கிறவன், எரநூத்தம்பது தாண்ட மாட்டேங்குது. பொண்டாட்டி கீரையா ஆக்கிப் போடறா. ரத்தம் இல்லையாம்."

"எனக்கு நேரெதிரா இருக்குடா."

"போதாக்கொறைக்கு இந்தச் சனியன் வேற." கழுத்தில் தொங்கிய பெட்டியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினான். "பேட்டரி போச்சுண்ணே. பாட்டு இழுத்து இழுத்துப் பாடுது. கேட்டாலே கொட்டாவி வருது."

டேப் ரிக்கார்டர் காலத்து ஆட்கள் இருவரும். பேட்டரி போனால் பாடுகிறவன் குடித்தவன் மாதிரி இழுப்பான் என்பது அவர்களுக்குத் தெரிந்த விஷயம். தொட்டிக்காரர் தலையாட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். பிறகு கை நின்றது.

"பத்து நாளாவா?"

"ஆமா."

"குடு அத."

சோற்றுக் கையோடு வாங்கினார். அவனுடையதை வலது காதில், தன்னுடையதன் வேலை செய்கிற முனையை இடது காதில். இரண்டையும் அணைத்து, ஒரே நொடியில் போட்டார். மழைப் பாட்டு இரண்டு காதிலும் ஒன்றாகத் தொடங்கியது. ஓரிரு நொடி சேர்ந்து பாடினாள். பிறகு இடது காதுக்காரி ஒரு சொல் முந்தினாள். பிறகு ஒரு வரி. வலது காதில் கடைசி அடி நடந்துகொண்டிருக்கும்போதே இடது காதில் பாட்டு முடிந்து படகு கிளம்பிவிட்டது. குரல் கீச்சென்று மாறவும் இல்லை, கரகரக்கவும் இல்லை. அதே குரல், நடை மட்டும் வேகம்.

"இது ஏன்டா ஓடுது?"

பாலிஷ்காரன் வாங்கிக் கேட்டான். அவன் முகம் பிரகாசமானது. "அண்ணே, இது என்னுது! இப்படித்தான் பாடும் என்னுது!"

"உன்னுது ஏன் இப்படிப் பாடணும்?"

"நாலாவது பொத்தான அமுக்கிப் புடிச்சா ஒரு எண்ணு வருதுல்ல. அத ரெண்டு ஏத்தி வச்சேன், வாங்கின புதுசுலயே. பாட்டு சுறுசுறுன்னு போனா கையும் போகும். பீஸ் கணக்குல வாங்கறவனுக்கு அது வேணாமா?"

அந்தப் பொத்தானை அமுக்கிப் பிடித்தால் எண் வரும் என்பதே தொட்டிக்காரருக்கு அன்றுதான் தெரியும். நின்ற இடத்தை மறக்கிற பெட்டி, அந்த எண்ணை மட்டும் ஆறு வருஷமாக மறக்காமல் வைத்திருக்கிறது.

மிச்சத்தை இருவரும் சேர்ந்து பிடித்தார்கள். புகை படாமல் இருக்கப் பெட்டிகளை ஒட்டுமூடி வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் கழுத்தில் மாட்டுவார்கள். உறை கெட்டிப்பட்டு உடையும். மாதம் பிறந்தால் புது உறை. இரண்டு பெட்டியும் ஒரே பலகையில் சார்ஜ் ஏறும். மாறிவிடக் கூடாதென்று தொட்டிக்காரர் அடையாளமாக ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார், மகளின் நகப்பூச்சில். வைத்ததெல்லாம் உறையில். பெட்டியில் ஒன்றும் இல்லை. பத்து நாளுக்கு முன்னால், முதல் தேதி, பழைய உறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது உறையில் புள்ளி வைத்து, ஜாக்கிரதையாகப் பாலிஷ்காரனின் பெட்டியை அதற்குள் போட்டவர் அவரேதான்.

"ரத்தம் இருக்குண்ணே எனக்கு!" என்றான் பாலிஷ்காரன். "பத்து நாளு கீர தின்னேனே!" சிரித்துப் புரையேறியவன், எதிரே இருப்பவர் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினான். "என்னண்ணே? உனக்குப் பாட்டு வேகமா போனா என்ன நட்டம்?"

அப்போதுதான் தொட்டிக்காரர் அவனிடம் நாலு பாட்டைச் சொன்னார். சொல்லி முடித்தபோது பாலிஷ்காரனின் வாய் திறந்தே இருந்தது.

"அப்போ கைக்கணக்கு?"

"மண்ணாங்கட்டிக் கணக்கு."

"சரி விடு. பெட்டிய மாத்திக்குவோம். நாளைக்கு உன் பாட்ட வச்சு அடி, பாஸாகும். யாருக்குத் தெரியப் போவுது? நான் சொல்ல மாட்டேன், என் பொண்டாட்டி மேல சத்தியம்."

மாற்றிக்கொண்டார்கள். ஆனாலும் அன்றிரவு அவருக்கு நெஞ்சுக்குள் ஓட்டம் நிற்கவில்லை. பாட்டு நிதானமாகிவிட்டது, ஆள் ஆகவில்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் அளவு பார்க்கிற சின்னக் கருவி, கட்டம் போட்ட காகிதம். மகள் வயது இருக்கும். தொட்டி அறையில் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. தொட்டிக்காரருக்கு அது பிடித்தது, பயமாகவும் இருந்தது. முதலாளி வாசலில் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் பாலிஷ்காரன், ஏதோ ஆணி தேடுகிற சாக்கில்.

"நிக்கல்ல எவ்வளவு நேரம் விடுவீங்க, ஐயா?"

தொட்டிக்காரர் ஆணியில் தொங்கிய கடிகார முள்ளைப் பார்த்தார். நாலு பாட்டு நிமிஷத்தில் எவ்வளவு என்று அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

முதலாளி முந்தினார். "அவருக்குக் கைக்கணக்கும்மா. இருவத்திரண்டு வருஷம்."

"அது சரி சார். இந்த லாட் நல்லா வந்தாலும், முந்தின மூணும் ஏன் போச்சுன்னு காரணம் எழுதணும். இந்தக் கட்டம் காலியா இருந்தா நான் கையெழுத்துப் போட முடியாது. ஆர்டர நிறுத்திடுவாங்க." அவள் தொட்டிக்காரரைப் பார்த்தாள். "என்ன ஆச்சு, ஐயா? சீக்கிரம் எடுத்துட்டீங்களா?"

காரணம் அவர் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சொல்லாவிட்டால் ஆர்டர் போகும், தொட்டியும் போகும். சொன்னால் இருபத்திரண்டு வருஷத்துப் பெயர் போகும். பாலிஷ்காரன் வாசலிலிருந்து 'வேண்டாம்' என்று கண்ணால் கெஞ்சினான்.

"பாட்டு வேகமா ஓடிடுச்சும்மா," என்றார்.

"எது?"

சொன்னார். நாலு பாட்டு, ஒரு மேளம், உறை, புள்ளி, பாலிஷ்காரனின் இரண்டு எண். பேசப் பேச முதலாளியின் முகத்தைப் பார்க்காமல் பச்சைத் தொட்டியைப் பார்த்தே பேசினார்.

முதலாளி மெல்ல உள்ளே வந்தார். அவருடைய கோபம் மெலிந்த நிக்கல் மேல் இல்லை. "ஊரெல்லாம் சொல்லி வச்சேனேப்பா. கை, கைன்னு." அவர் கையை நீட்டினார். "குடு அந்தப் பெட்டிய."

தொட்டிக்காரர் கழற்றிக் கொடுத்தார். முதலாளி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இப்ப எறக்கு. இருவத்திரண்டு வருஷம் நின்ன கை, கொஞ்சமாவது தெரியும்ல? பாட்டு இல்லாம எடுத்துக் காட்டு. இந்தப் பொண்ணு மணி பாக்கட்டும்."

ஜிக் தயாராகத் தொங்கியது. நாற்பது குழாய்த்தலைகள். தொட்டிக்காரர் அதைப் பிடித்துச் சுடுகாரத்தில் முக்கினார், அலசினார், அமிலத்தில் முக்கினார், அலசினார். நிக்கல் தொட்டிக்கு மேலே கொண்டுவந்து நிறுத்தினார். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இறக்கிவிடலாம். தாலாட்டு முழுதும் தலைக்குள்ளேயே இருக்கிறது, மனசுக்குள் பாடிக்கொண்டே எடுத்தால் ஒருவேளை சரியாகக்கூட வரும். வந்துவிட்டால் பெயர் மிஞ்சும். வராவிட்டால் நாற்பது தலையும் போகும், ஆர்டரும் போகும். பத்து நாளாக ஓடிய ஓட்டமெல்லாம் அந்த இரண்டு கைக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

அவர் ஜிக்கை மறுபடி தண்ணீரிலேயே இறக்கி வைத்தார்.

"எனக்குத் தெரியாது மொதலாளி. பாட்டு இல்லாம எனக்குத் தெரியாது. பந்தயம் கட்டறதுக்கு இது என் சரக்கும் இல்ல. ஒண்ணு பெட்டியக் குடுங்க, இல்ல வேற ஆளக் கூப்பிடுங்க. சட்டுனு சொல்லுங்க, பித்தள தண்ணியில நின்னா கறுத்துடும்."

முதலாளி சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். அந்தப் பெண்தான் பேசினாள். "குடுங்க சார். எனக்கும் அந்த நாலு பாட்டு எவ்வளவு நேரம்னு எழுதணும்."

பெட்டி திரும்பி வந்தது. அவர் ஜிக்கை மறுபடி அமிலத்தில் ஒரு முக்கு முக்கி, அலசி, இறக்கிப் பெட்டியைப் போட்டார். நாலு பேர் ஒரு தொட்டியைச் சுற்றி நின்றார்கள், ஒருவர் காதில் மட்டும் பாட்டு. நடுவில் பாலிஷ்காரன், "இப்ப எதுண்ணே, படகா?" என்று கேட்டு முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். மேளம் விழுந்தது. ஜிக் வெளியே வந்தது.

"பதினெட்டு நிமிஷம், மூணு நொடி," என்றாள் அவள்.

குரோமும் முடித்துக் காய்ந்த தலைகளில் பத்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றாகக் கருவியை வைத்துப் பார்த்தாள். பதினொன்று. பதினொன்று. பத்தே முக்கால். பதினொன்று. பத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. காகிதத்தில் காரணம் என்ற கட்டத்தில் 'நேரம் அளக்கும் கருவியில் வேக மாற்றம்' என்று எழுதினாள். எழுதும்போது உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ஆர்டர் இருக்கும். ஆனா, அறைக்கு வெளிய நேரமானதும் அடிக்கற மணி ஒண்ணு வைங்க சார், உள்ள கேக்கற மாதிரி. பாட்ட நான் கம்பெனியில காட்ட முடியாது."

"வைக்கறேம்மா." முதலாளி தொட்டிக்காரர் பக்கம் திரும்பினார். "திரும்பி வந்த மூணு லாட்டு முலாமையும் உரிச்சு மறுபடி போடணும். யார் உரிக்கறது?"

"நான்தான்."

"நீதான்." போகும்போது வாசலில் நின்றார். "கைக்கணக்காம்."

மத்தியானத்துக்குள் பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. கம்பி கட்டுகிறவர்கள் அவரைப் பார்த்ததும், "நாலு பாட்டு, டீ வந்திருக்கு" என்றார்கள். தொட்டிக்காரர் என்கிற பெயர் அன்றோடு போனது. அவர் போய் டீயைக் குடித்தார். மூன்று லாட்டின் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பின்னறைக்கு இழுத்து வந்து, முதல் பெட்டியின் ஒட்டைக் கத்தியால் கிழித்தார். உள்ளே முந்நூறு தலைகள், முகம் தெரிகிற மாதிரி மின்னின. பார்க்க ஒரு குறையும் இல்லை. அவற்றைக் கவிழ்த்து எடுத்து, உரிக்கிற தொட்டிக்குக் கம்பியில் கட்டத் தொடங்கினார்.